அப்பா போட்டிருந்த சட்டை

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு டம்ளர் காபிதான் போடுவார்கள். அது அப்பாவுக்கு.

கத்தோலிக்க வீட்டில் பிறந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பூசையில் குருவானவர் கையால் நற்கருணை அப்பம் வாங்குவதை நாங்கள் நன்மை வாங்குவது என்போம். நன்மை வாங்குகிறவர்கள் முந்தின நடுராத்திரியிலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது. அந்தக் காலத்தில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கூடாது. ஆகவே பூசைக்கு முன்னால் காபி குடிக்கிறவர் அன்றைக்கு நன்மை வாங்கப் போவதில்லை என்று அர்த்தம். உடம்புக்கு முடியாதவர்கள் குடிப்பார்கள், சின்னக் குழந்தைகள் குடிப்பார்கள். அப்புறம், சாவான பாவம் என்கிற பெரும்பாவம் ஒன்றைச் செய்துவிட்டு அதைக் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாமல் இருக்கிறவர்கள் குடிப்பார்கள். அந்த நிலையில் நன்மை வாங்குகிறவன் தன் நரகத்தையே வாங்கி விழுங்குகிறான் என்று உபதேசியார் எங்களுக்கு நெஞ்சில் அறைந்து சொல்லிக்கொடுத்திருந்தார். எங்கள் அப்பாவுக்கு உடம்பில் ஒரு கோளாறும் கிடையாது.

அப்பா அந்தக் காபியைப் பின்வாசலில் நின்று, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடிப்பார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு எங்களோடு கோயிலுக்கு வருவார். முழங்காலிடுவார், பாட்டுப் பாடுவார், பிரசங்கத்தைத் தூங்காமல் கேட்பார். நன்மைக்கு மணி அடித்ததும் பெஞ்சில் இருக்கிற எல்லோரும் எழுந்து பீடத்துப் பக்கம் போவார்கள். அவர் மட்டும் உட்கார்ந்தபடியே கால்களை ஒடுக்கிக்கொண்டு வழிவிடுவார். அம்மாவும் நானும் அவர் முழங்காலை உரசிக்கொண்டு போய், உரசிக்கொண்டு திரும்பி வருவோம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். அம்மா ஒரு ஞாயிறும் தவறியதில்லை. அப்பா ஒரு ஞாயிறும் எழுந்ததில்லை.

கோயிலில் இருந்த அத்தனை பேரும் இதைப் பார்த்தார்கள். பார்த்து ஒரு முடிவுக்கும் வந்திருந்தார்கள். எங்கள் ஜனங்களுக்கு அடுத்தவர் ஆத்துமத்தின் மீது அப்படி ஓர் அக்கறை.

பெங்களூர் தண்டு முழுக்க எங்கள் குடும்பத்தைத் தெரியும். கன்டோன்மென்ட்டைத்தான் நாங்கள் தண்டு என்போம். அத்தனை பேருக்கும் எங்களை எப்படித் தெரியவந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது, மாதா திருநாளன்று சாயங்காலம், பங்களாவில் தனியாக இருந்த ஒரு துரைசானி கொலை செய்யப்பட்டாள். வயதான விதவை. எங்கள் அப்பா அந்தப் பங்களாவில் பட்லர். அப்பாவின் ஒரே தம்பி, என் சித்தப்பா, அங்கேயே குதிரைக்காரர். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தார். இப்போது சிவாஜிநகர் என்கிறார்களே, அங்கே ஒரு சந்தில் வீடு. திருநாள் என்பதால் வேலைக்காரர்கள் எல்லோருக்கும் துரைசானி லீவு கொடுத்திருந்தாள்.

திருநாளுக்கு வீட்டு ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே பீஸ் துணியில் சட்டை தைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தேரோடு போகும்போது இன்னார் வீட்டு ஆட்கள் என்று தெரிய வேண்டும் என்று ஒரு பெருமை. அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு வெள்ளையில் நீலக்கோடு. அப்பாவுக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று. இரண்டையும் தைத்தது அம்மா.

மாதா சுரூபத்தை வைத்த சப்பரத்தை ஆண்பிள்ளைகள் தோளில் தூக்கி வருவார்கள். மூலைக்கு மூலை தோள் மாற்றுவார்கள். ஒருவர் விலக இன்னொருவர் நுழைவார். அந்தக் கூட்டத்தில் எந்தத் தெருவில் யார் தோள் கொடுத்தார் என்று மாதாவுக்கு மட்டும்தான் தெரியும். புதுச் சட்டை வியர்வையிலும் பந்தத்து எண்ணெயிலும் பாழாகிவிடக் கூடாதே என்று சட்டைகளைக் கழற்றிக் கோயில் மதிலோரம் குவித்துவிட்டு, பனியனோடுதான் தூக்குவார்கள். இளைப்பாற வந்தவர்களுக்குத் தெம்புக்கு என்று சாராயமும் கைமாறும். கோயில் காரியத்தில் சாராயமா என்று கேட்காதீர்கள். எல்லாம் முடிந்தபிறகு குவியலைக் கிளறி அவரவர் சட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

அன்றைக்குச் சப்பரம் கோயிலுக்குத் திரும்பி வருவதற்குள் பங்களாவில் துரைசானி மண்டை உடைந்து கிடந்தாள். அவள் கைவளையல்களைக் காணவில்லை. அவை கடைசிவரை கிடைக்கவே இல்லை. லாயத்து வைக்கோலுக்குள் ரத்தக்கறையோடு ஒரு சட்டை கிடந்தது. வெள்ளையில் நீலக்கோடு. ஒரு தரம்கூட வெளுப்புக்குப் போகாத புதுத் துணி என்பதால் வண்ணான் குறியும் அதில் இல்லை.

மறுநாள் காலை போலீஸ் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, கொடியில் அதே துணியில் ஒரு சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் ஆண்பிள்ளைகள் இரண்டு பேர். சட்டை ஒன்று.

அந்த ஒன்று யாருடையது என்பதுதான் மொத்த வழக்கும். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் அந்த வாரம் துரைசானியோடு தகராறு இருந்தது. ஒரு வெள்ளிக் கரண்டி காணாமல் போனதற்காக அப்பாவை எல்லோர் முன்னாலும் திருடன் என்று சொல்லியிருந்தாள். குதிரைக்குக் கொள்ளு சரியாக வைக்கவில்லை என்று சித்தப்பாவைச் சவுக்கால் அடித்திருந்தாள். இரண்டு பேரும் சப்பரத்தோடுதான் இருந்தோம் என்றார்கள். இரண்டு பேரையும் அங்கே பார்த்தவர்கள் உண்டு. எந்நேரமும் பார்த்தேன் என்று சொல்ல யாருமில்லை.

அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கோர்ட்டில் கூண்டேறினாள். வேதப்புத்தகத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். வீட்டில் இருந்த சட்டை என் புருஷனுடையது, அவர் அதைப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார், கொழுந்தனார் பனியனோடு வந்தார் என்று சொன்னாள். இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதே, உனக்கு எப்படித் தெரியும் என்று வக்கீல் மடக்கினார். "நான் தைச்ச சட்டை எனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள் அம்மா. அந்தப் பதிலுக்கு மேல் யாராலும் ஒன்றும் கேட்க முடியவில்லை.

சித்தப்பாவைத் தூக்கில் போட்டார்கள். அப்பா வீட்டுக்கு வந்தார். கடைசிக் காலையில் சித்தப்பாவோடு இருந்த கோயில் சாமியார் எங்களிடம் வந்து, "நல்ல மரணம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார்கள் வெளியே சொல்லக் கூடாது. அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு எங்கள் உறவு முழுக்க வருஷக்கணக்காகச் சண்டை போட்டது. செய்ததை ஒத்துக்கொண்டு செத்தான் என்று ஒரு கட்சி. செய்யாதவன் நிம்மதியாகச் செத்தான் என்று இன்னொரு கட்சி.

வழக்கு முடிந்தாலும் ஊர் விடவில்லை. கொலைச் சிந்து போட்டார்கள். மார்க்கெட் வாசலில் ஒருவன் அந்தச் சிந்துப் புத்தகத்தைக் கையில் விசிறியபடி உரக்கப் பாடி விற்பான். ஒரு சிந்தில் அம்மா சத்தியம் தவறாத உத்தமி. இன்னொரு சிந்தில் கொழுந்தனைக் கொன்ற பாவி. நான் பள்ளிக்கூடம் போகிற வயதில்கூட அதைப் பாடி விற்றுக்கொண்டிருந்தார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாட்டுக்காரனைக் கடந்து போய், நிதானமாகக் கத்தரிக்காய் பொறுக்குவாள். அவளுக்கு முகத்தில் ஒரு நரம்பு அசையாது. எப்படி முடிகிறது என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

கொலை நடந்த வீட்டு பட்லரை எந்தப் பங்களாவும் வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. நாங்கள் ஜீவனஹள்ளிக்குக் குடிபோனோம். அப்பா ஒரு பேக்கரியில் மாவு பிசைகிற வேலைக்குப் போனார். அம்மா கான்வென்ட்டுக்கும் கோயிலுக்கும் தையல் வேலை செய்தாள். நான் படித்து டீச்சரானேன். கொலைகாரன் வீட்டுப் பெண் என்று என்னைக் கட்டிக்கொள்ள யாரும் வரவில்லை. கொலைகாரன் சித்தப்பாவா, அப்பாவா என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. எனக்கும் பிரித்துப் பார்க்க வழி தெரியவில்லை என்பதுதான் என் வாழ்க்கையின் தொல்லையாக இருந்தது.

ஏனென்றால் வீட்டுக்குள் நான் கேட்டது வேறு.

சாயங்காலம் ஜெபமாலை சொல்லி முடித்ததும், சில நாட்களில் அப்பா எழுந்திருக்காமல் அப்படியே முழங்காலில் இருப்பார். அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டிருப்பாள்.

"இந்தா. அன்னிக்கு நான் வூட்டுக்கு வரச்சே சட்டை போட்டிருந்தேன் இல்ல?"

"போட்டிருந்தீங்க."

"நல்லாப் பாத்தியா?"

"நான்தானே கழட்டிக் கொடில போட்டேன். எழுந்து சாப்புட வாங்க."

இதே கேள்விகள், இதே பதில்கள், ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல். சின்ன வயதில் அதையும் ஜெபமாலையின் கடைசிப் பகுதி என்றே நினைத்திருந்தேன். வேறு வீடுகளில் அப்பாமார்கள் இப்படிக் கேட்பதில்லை என்று தெரிந்தபோதுதான் பயம் வந்தது.

அப்பாவுக்கு அந்தச் சாயங்காலம் நினைவில் இல்லை. தோள் கொடுத்தது நினைவிருந்தது, சாராயம் குடித்தது நினைவிருந்தது, அப்புறம் ஒன்றுமில்லை. விழித்தபோது வாசலில் போலீஸ் நின்றது. வலது உள்ளங்கையில் ஒரு வெட்டு இருந்தது. சப்பரத்து மரம் கிழித்ததா, வேறேதாவதா என்று அவருக்குத் தெரியாது. அந்தத் தழும்பைப் பிறகு நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். சாப்பிடும்போது சோற்றைக் கையில் எடுத்தவர், சோற்றை விட்டுவிட்டுக் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கப்புறம் அவர் சாராயத்தை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் பிறந்தவள் என் அத்தை. ஸ்ரீராம்புரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். எங்கள் வீட்டு வாசற்படி ஏற மாட்டாள். அம்மா கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டாள். வருஷத்துக்கு ஒரு தரம், கல்லறைத் திருநாளன்று மட்டும் பார்ப்போம். சித்தப்பாவின் குழி கல்லறைத் தோட்டத்தின் கோடியில், சுவரோரம். பெயர் வெட்டிய கல் கிடையாது. அம்மா ஒரு மூலையில் மெழுகுத்திரி ஏற்றுவாள், அத்தை எதிர் மூலையில் ஏற்றுவாள். அப்பா நடுவில் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். யாரும் யாரோடும் பேச மாட்டார்கள்.

நான் டீச்சர் வேலைக்குப் போன வருஷம் அங்கே வைத்து அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"கோர்ட்டுல ஒங்க சித்தப்பன் இன்னா சொன்னான் தெரியுமா? நான் சட்டையோடதான் வந்தேன், எங்க அண்ணியக் கேளுங்கன்னான். அத மட்டுந்தான் சொன்னான். அண்ணன் எப்படி வந்தாரு, சட்ட போட்டிருந்தாரான்னு கேட்டாங்க. நான் பாக்கலன்னுட்டான்."

"பார்த்திருக்க மாட்டார் அத்தை."

"பாக்காம எப்படி? குடிச்சிட்டு நிக்க முடியாத மனுசன கைத்தாங்கலா வூட்டுக்கு இட்டாந்ததே அவன்தான். ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவன் இன்னிக்கு உசுரோட இருப்பான் பாப்பா. அண்ணி நெசத்தச் சொல்லிடுவாங்கன்னு நம்பினான் மடையன்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் சொன்னதை நான் நம்ப விரும்பவில்லை. அத்தைக்குத் தம்பி மீது உயிர். அவள் அப்படித்தான் சொல்வாள் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அன்று அம்மாவோடு ஒரே ஜட்கா வண்டியில் திரும்பி வந்தபோது அவள் கையைத் தொடப் பிடிக்கவில்லை.

அந்த வருஷமே, கிறிஸ்துமஸுக்கு முன்னால், பூசைக்கு உதவும் பையன்களுக்குப் புது அங்கிகள் தைக்கும் வேலை அம்மாவுக்கு வந்தது. நான் உதவிக்கு உட்கார்ந்தேன். இரண்டு பையன்கள் ஒரே உயரம், ஒரே உடல்வாகு. நான் ஒரு அங்கிக்கு அளவு போட்டு வரைய ஆரம்பித்தேன்.

"இன்னாத்துக்குத் தனித்தனியா? துணிய ரெண்டா மடி. ஒரு வெட்டுல ரெண்டும் வந்துடும்," என்றாள் அம்மா.

"ஒண்ணு கொஞ்சம் முன்னே பின்னே ஆயிடாதா?"

"மயிரிழகூட மாறாது. தைச்ச எனக்கே எது எதுன்னு தெரியாது. ஒரே அளவு ஆளுங்களுக்கு நான் எப்பவும் இப்படித்தான்..."

கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே உடல்வாகு என்று நான் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன். பின்னாலிருந்து பார்த்தால் அத்தையே மாற்றிக் கூப்பிடுவாளாம். நான் தைச்ச சட்டை எனக்குத் தெரியாதா என்று கேட்டு ஒரு கோர்ட்டையே வாயடைத்தவள் எதிரில் நான் உட்கார்ந்திருந்தேன். கத்தரிக்கோல் மறுபடி நகர்ந்தது. "மாவு இருக்குதா பாரு, ராத்திரிக்கு ரொட்டி சுடணும்," என்றாள். நான் எழுந்து போனேன்.

சட்டையை அடையாளம் தெரியும் என்று அவள் சொன்னது பொய் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஆனால் யார் சட்டையோடு வந்தார் என்பதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அது நிஜமாக இருக்கலாமே? வக்கீல் மடக்கியதும் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாமே? இப்படி நானே அவளுக்கு வக்கீலாகிப் பல நாள் தூங்காமல் வாதாடியிருக்கிறேன். எனக்கு அப்பாவைப் பிடிக்கும். பேக்கரியிலிருந்து வரும்போது உடைந்த பிஸ்கட்டுகளைக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு வந்து, வளர்ந்த டீச்சரம்மாவான எனக்குக் கொடுப்பார். அந்தக் கை ஒரு கிழவியின் மண்டையை உடைத்திருக்கும் என்று நினைக்க எனக்கு வரவில்லை. நினைக்காமல் இருக்கவும் வரவில்லை.

ஒரு தரம் அவரிடமே கேட்டுவிட்டேன். பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்தின சனிக்கிழமை. அன்றைக்கு எல்லோரும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவார்கள்; வருஷத்துக்கு அந்த ஒரு தரமாவது நன்மை வாங்காவிட்டால் செத்தபிறகு கல்லறைத் தோட்டத்தின் மந்திரித்த மண்ணில் இடம் கிடைக்காது என்று பயமுறுத்தி வைத்திருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் கோயில் பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தோம்.

"நீங்களும் போய்ட்டு வாங்களேன்பா. மனசுல இருக்கறத சாமிகிட்ட சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு."

"இன்னான்னு சொல்றது? கொன்னேன்னு சொல்லி, கொல்லாம இருந்தா அது பொய். கொல்லலன்னு சொல்லி, கொன்னிருந்தா அதுவும் பொய். தெரியாதுன்னு சொல்லிப் பாத்தேன். தெரிஞ்சதும் வான்னு அனுப்பிட்டாரு."

"அம்மா சொல்றாங்களே. நம்பக் கூடாதா?"

அவர் நின்றுவிட்டார். கையை விரித்துத் தழும்பைப் பார்த்தார்.

"ஒங்கம்மா வாரா வாரம் நன்மை வாங்கறா. பாத்திருக்கியா? பைபிளத் தொட்டுப் பொய்ச் சத்தியம் பண்ணவ அதை வாங்கி முழுங்குவாளா? நாக்கு வெந்துடாது? ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் இன்னிக்கு ஒக்காந்துடுவாளோ, இன்னிக்கு ஒக்காந்துடுவாளோன்னு பாத்துக்கினே இருக்கேன். எழுந்து போயிடறா. அவ திரும்பி வரச்சே எனக்கு மூச்சு வருது. எனக்கு இருக்கிற ஒரே சாட்சி அதான்."

"அப்போ நம்பிட வேண்டியதுதானே?"

"அவ சொல்றது நெசம்னா என் தம்பி கொலகாரன். பொய்யின்னா நான். எது நெசமாவணும்னு மாதாகிட்ட வேண்டிக்கிறது, நீயே சொல்லு."

மறுநாள் பாஸ்கா ஞாயிறு. அப்பா பின்வாசலில் நின்று காபி குடித்தார். கோயிலில் அவர் முழங்காலை உரசிக்கொண்டு போனபோது, முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தேன். அவர் பீடத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது அப்பா படுத்தார். அத்தனை வருஷம் சுவாசித்த மாவு நெஞ்சை அடைத்துவிட்டது என்றார் டாக்டர். யுத்தத்தில் காபிக்கொட்டைக்குத் திண்டாட்டம். ஆனாலும் அவருக்கு ஒரு டம்ளருக்கு எப்படியாவது சேர்த்து வைத்திருப்பாள் அம்மா. கடைசியில் அதுவும் இறங்கவில்லை. மத்தியானம் சாமியாரைக் கூட்டிவந்தேன். சாகக் கிடக்கிறவர்களுக்கு அவஸ்தை பூசுகிற எண்ணெயும், ஒருவேளை அப்பா சம்மதித்தால் கொடுப்பதற்கு நற்கருணையும் கொண்டுவந்திருந்தார். இளம் சாமியார். எங்கள் கதை அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

"பாவசங்கீர்த்தனம் செய்றீங்களா?" என்று கேட்டார்.

அப்பா அவரை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். நான் அம்மாவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றிருந்தேன். கேள்வி வரப்போகிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"இந்தா. அன்னிக்கு... வரச்சே... சட்டை..."

அம்மா கட்டிலருகே தரையில் உட்கார்ந்து அவருடைய வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"போட்டிருந்தீங்க."

"நல்லா..."

"நல்லாப் பாத்தேன். பாட்டுப் பாடிக்கினே வந்தீங்க. சட்டையக் கழட்டுங்கன்னா மாட்டேன்னு அடம் புடிச்சீங்க. புதுச் சட்டை, நான் இதோடதான் தூங்குவேன்னீங்க. கொழந்த மாதிரி மாரோட சேத்துப் புடிச்சிக்கினீங்க. நான்தான் மெதுவா ஒவ்வொரு பட்டனாக் கழட்டினேன்."

அப்பாவின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "அப்படியா சொன்னேன்?"

"அப்படித்தான் சொன்னீங்க."

இத்தனை வருஷமாக ஒரு வார்த்தை கூட்டிக் குறைக்காதவள். அடம் பிடித்ததையும் பட்டனையும் அதற்குமுன் யாரும் கேட்டதே இல்லை, கோர்ட்டும் கேட்டதில்லை. சாகப்போகிறவரின் கையைப் பிடித்துக்கொண்டு, சாமியார் முன்னால், நற்கருணை மேஜைமேல் இருக்கும்போது, கண்ணிமைக்காமல் சொன்னாள். அது நினைவா, அந்த நிமிஷத்தில் அவள் தைத்துக் கொடுத்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா எங்களை வெளியே போகச் சொல்லிக் கைகாட்டினார். சாமியார் கதவைச் சாத்தினார். வெகுநேரம் கழித்துத் திறந்தார். எங்கள் முன்னால் அப்பா நன்மை வாங்கினார். நாக்கை நீட்டவே அவருக்குக் கஷ்டமாக இருந்தது. என் வாழ்நாளில் அப்பா நன்மை வாங்கி நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். மறுநாள் விடிவதற்குள் போய்விட்டார். சாமியார் வாசலில் என்னிடம், "நல்ல மரணம்" என்றார். எனக்கு ஓங்கி அழ வேண்டும்போல இருந்தது, கூடவே அவரை அடிக்கவும் வேண்டும்போல இருந்தது.

அப்பாவை மந்திரித்த மண்ணில், சித்தப்பாவின் பக்கத்திலேயே வைத்தோம். அத்தை வந்திருந்தாள். மண் தள்ளி முடித்ததும் அம்மாவுக்கு எதிரில் வந்து நின்றாள். அத்தனை வருஷங்களில் அவள் அம்மாவிடம் நேராகப் பேசி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அண்ணி. ரெண்டு பேரும் போயிட்டாங்க. இப்பனாச்சும் சொல்லுங்க. என் தம்பி சட்டையோட வந்தானா இல்லியா?"

அம்மா அவளை ஏறெடுத்துப் பார்த்தாள். வாய் திறந்தது. பிறகு அத்தையின் கையிலிருந்த மெழுகுத்திரியை வாங்கி, சித்தப்பாவின் குழிமேல் அத்தை வழக்கமாக ஏற்றும் மூலையில் ஏற்றிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

அது நடந்தது வியாழக்கிழமை. ஞாயிறு காலை காபி வாசனை வந்து விழித்தேன். அரைத்தூக்கத்தில் அப்பா எழுந்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகுதான் அவர் இல்லை என்பது உறைத்தது. எழுந்து பின்பக்கம் போனேன்.

அம்மா பின்வாசல் படியில் உட்கார்ந்து அப்பாவின் டம்ளரில் காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இன்னைக்கு ஞாயித்துக்கெழமை."

"தெரியும்."

"பூசைக்கு..."

"வரேன். நீ போய்க் குளி."

அவள் மிச்சக் காபியையும் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"இத்தினி வருஷம் அவரு பாத்துக்கினு இருந்தாரு," என்றாள். "இனிமே யாரு பாக்கப் போறாங்க."

கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் என் மனசு ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா பனியனோடு வந்தார் என்றே வைத்துக்கொண்டாலும், அவர்தான் கொன்றார் என்று ஆகிவிடாது. குவியலில் கிடந்த சட்டையை எவனும் எடுத்திருக்கலாம். எடுத்தவன் எங்கோ பேரன் பேத்தியோடு செத்துப்போயிருக்கலாம். அதை அம்மாவும் யோசித்திருப்பாள். ஆனால் அந்தக் காலையில், வாசலில் போலீஸ் நிற்க, இடுப்பில் நான் இருக்க, கொடியில் ஒரு சட்டை தொங்க, அவர்தான் என்று அவள் பயந்துவிட்டாள். பயந்து சொன்ன சொல்லை அவர் நம்ப வேண்டும் என்றே வாரா வாரம் தன் நரகத்தை வாங்கி விழுங்கியிருக்கிறாள். நரகத்தை நம்பாதவள் செய்திருந்தால் அது வேறு. என் அம்மா நரகத்தை நம்பினாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. சித்தப்பாவை நினைத்தால் அவளைத் தொடவும் பயமாக இருந்தது.

அப்பா உட்காரும் பெஞ்சு ஓரத்தில் அம்மா உட்கார்ந்தாள். நான் உள்பக்கம் உட்கார்ந்தேன். முழங்காலிட்டாள், பாட்டுப் பாடினாள், பிரசங்கத்தைத் தூங்காமல் கேட்டாள். நன்மைக்கு மணி அடித்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். அம்மா உட்கார்ந்தபடியே கால்களை ஒடுக்கிக்கொண்டு எனக்கு வழிவிட்டாள்.